ஒன்பதாம் தளம், பதினான்காம் தகடு

ஒன்பதாம் தளத்தில் நிலக்கரி இறங்கும் நாளில்
கடலே தும்மலை அடக்கிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும்.
துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு
கயிற்றை இழுக்கிறேன்.
இரண்டு உள்ளங்கை அகலத்தில் சாம்பல்நிற பிவிசி தகடு.
செங்கல் கட்டி இறக்கி மூன்று மாதம்.
மேலே வரும்போது நனைந்த கோணிபோல் கனக்கிறது.

"மீன் கெடச்சா?" என்கிறார் காவலர் பாஸ்வான்.
கயாவிலிருந்து வந்து நான்கு வருடம்.
இந்த ஒரு கேள்வியில் மட்டும் அவர் தமிழில் பிழையே இல்லை.
இல்லை என்பேன். சிரிப்பார்.
மீனும் பிடிக்காமல் இவ்வளவு கயிறு எதற்கென்று
அவருக்கு இன்னும் விளங்கவில்லை.
சம்பளப் பிரிவுக்கும்.

வெறுங்கப்பல் என்று ஒன்று கிடையாது, பாஸ்வான்.
சரக்கில்லாமல் வருகிறவன் சாயாமலிருக்க
ஏதோ ஓர் ஊர்க் கடலை வயிற்றில் அள்ளிக்கொண்டு வருகிறான்.
இங்கே உப்பு ஏற ஏற
அதைத் திறந்துவிடுகிறான்.
நடுக்கடலிலேயே மாற்றிவிட்டோம் என்று
பதிவேட்டில் முத்திரை இருக்கும்.
முத்திரையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்க
எனக்கு அதிகாரமில்லை.

தகட்டைத் தட்டில் வைத்து எண்ணுகிறேன்.
கொட்டலசு நாற்பத்தொன்று.
தொட்டால் நீர் பீய்ச்சும் கடற்குடுவைகள், கொத்தாக.
சுண்ணாம்புக் குழாய் கட்டிக் குடியிருக்கும் புழுக்கள்.
ஒரு நண்டு, உளுந்தளவு, கோபமாக.
படிவத்தில் மூன்று கட்டம்:
நம்முடையது. வந்தது. தெரியவில்லை.
பாதிக்குமேல் மூன்றாவதில்தான் விழும்.
மரக்கப்பலின் அடியில் நானூறு வருடம் முன்பே
ஒட்டி வந்திருந்தால் யார் கண்டது?
அன்றைக்குக் கொட்டலசு எண்ண ஆளில்லை,
எல்லோரும் முத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அடியில் கையெழுத்து: ஜெனோவா மச்சாது.
பெயரைப் பார்க்கிறேன்.
கட்டங்களைப் பார்க்கிறேன்.
சரி, அது வேறு பேச்சு.

கீழ்மூலையில் இருந்தது அது.
மட்டி. கொண்டைக்கடலை அளவுகூட இல்லை.
கரும்பழுப்பில் ஒரு பச்சை நூல்.
நம்மூர் மட்டிக்கு விளிம்பில் பல் இருக்கும்,
நகத்தால் நெருடினால் தெரியும்.
இது வழுக்கியது.
மூன்று முறை நெருடினேன்.

அண்ணன் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறான்.
போன மாதம் சொன்னான்:
"பார்ல வெள்ளையா என்னமோ படருதுட்டி,
மல்லியக் கொட்டுனாப்ல.
அழகாத்தான் இருக்கு.
அதுக்கடியில பாத்தா ஒண்ணும் உசுரா இல்ல."
அதிலிருந்து பூ வாங்கும்போதெல்லாம்
முழம் போடுகிறவளின் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது.

கடல் தாண்டி வந்ததற்கெல்லாம்
எங்கள் பக்கம் முன்னால் ஒரு சீமை போடுவோம்.
சீமை ஓடு. சீமெண்ணெய்.
விறகுக்கு ஆகுமென்று வளர்த்து,
விளாத்திகுளம் வரை காட்டை விழுங்கிய சீமைக்கருவேலம்.
அதையும் யாரோ ஒருவர்
முதலில் உள்ளங்கையில் ஒற்றை விதையாகத்தான் பார்த்திருப்பார்.
பேசாமல் ஊன்றியிருப்பார்.

குப்பியில் எரிசாராயம் ஊற்றி மட்டியை இறக்கினேன்.
தளம் 9, தகடு 14, தேதி, ஆழம் இரண்டு மீட்டர்.
தகட்டில் ஒன்றென்றால் சுவரில் எத்தனை என்று
ஒரு வாய்ப்பாடு இருக்கிறது.
போட்டுப் பார்க்க மனம் வரவில்லை.
சென்னைக்குப் போய், அங்கிருந்து கொச்சிக்குப் போய்
பெயர் தெரிய ஆறு வாரம்.
ஆறு வாரத்தில் அதன் கூடப்பிறந்தவை
பெயரில்லாமலே பிள்ளை பெற்றுவிடும்.

புதிய தகட்டை இறக்கினேன்,
துடைத்து வைத்த நாற்காலிபோல்,
வருகிறவர் யாரானாலும் உட்காரட்டும் என்று.

"மீன் கெடச்சா?"
மறுபடியும், வெளிவாயிலில்.
பையைத் திறந்து குப்பியைக் கொடுத்தேன்.
வெயிலுக்கு எதிரே தூக்கிப்பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"சின்னது," என்றார்,
விட்டுவிடச் சொல்கிறவர்போல.
பிறகு அவருடைய பதிவேட்டில் எழுதினார்:
வெளியே செல்வது, ஒன்று.